தொட்டியில் முட்டையா? சுரண்டுவதற்கு முன் கொஞ்சம் பாருங்கள்



ஓய்வு பெற்றபின் எனக்குத் துணை கூடத்தில் இருக்கும் மூன்றடி மீன்தொட்டிதான். நான்கு ஏஞ்சல், ஆறு கோரி, கொஞ்சம் கப்பி. செடியோடு ஒட்டிக்கொண்டு வந்த குட்டி நத்தைகளும் உண்டு.

சென்ற மாதம் ஒருநாள் காலை, பில்டர் குழாயில் வெளிர்மஞ்சள் பொட்டுகள். பேரன் போனில் படம் எடுத்து ஏதோ ஒரு செயலியில் கேட்டான். "நத்தை முட்டை, சுரண்டிவிடுங்கள்" என்று பதில். மீன் கடையில் கேட்டால், பூஞ்சை என்று மருந்து கொடுத்தார்கள். நான் பழைய ஏ.டி.எம். கார்டை எடுத்துச் சுரண்டிவிட்டேன். அன்று முழுக்க இரண்டு ஏஞ்சல்கள் அந்தக் குழாயையே சுற்றிச் சுற்றி வந்தன. அப்போதுதான் உறைத்தது.

படத்தை மட்டும் வைத்து முட்டைக்குப் பெயர் சொல்வது, விடைத்தாளைப் பிரிக்காமல் மார்க் போடுவது மாதிரி. எங்கே ஒட்டியிருக்கிறது, பக்கத்தில் எந்த மீன் நிற்கிறது என்று பார்க்க வேண்டாமா?

கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் குட்டி போடுபவை. அவற்றை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். குட்டி நத்தையின் முட்டைகள் கண்ணாடி போன்ற கூழுக்குள் புதைந்திருக்கும், தொட்டால் வழவழக்கும். எள் போல வெள்ளையாக, சுரண்டினாலும் லேசில் வராவிட்டால் நெரைட் நத்தை. அது நன்னீரில் பொரிந்து வளராது. கோரி கண்ணாடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். ஏஞ்சல் அப்படியில்லை. அகல இலையிலோ குழாயிலோ வரிசையாக ஒட்டி, ஜோடியாகக் காவல் நின்று துடுப்பால் விசிறும். கிட்டே வரும் மீனை விரட்டும். அந்த விரட்டலைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். போட்டோவில் அது எங்கே வருகிறது?

இரண்டு வாரத்தில் மறுபடி அதே குழாயில் இட்டன. இந்த முறை கார்டும் இல்லை, மருந்தும் இல்லை. சில முட்டைகள் வெள்ளையாகிப் பஞ்சு பிடித்தன, அவை வீணானவை. மூன்றாம் நாள் மற்றவற்றில் மெல்லிய வால்கள் துடித்தன. பேரன் அன்று பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தான், அனுப்பிவிட்டேன். (வாத்தியார் புத்தி!) இரவோடு இரவாகப் பாதியைக் கோரிகள் தின்றுவிட்டன. மீதி இருக்கின்றன.

கப்பி குட்டி போடும் என்று மேலே எழுதும்போது ஒரு பழைய நினைவு குத்தியது. 1989 வாக்கில், ஐந்தாம் வகுப்பு. "மீன்கள் முட்டையிடும்" என்று கரும்பலகையில் எழுதினேன். "எங்க கிணத்து மீனு குட்டி போடுது சார்" என்று எழுந்தான் ஒரு பையன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தபடி உட்காரச் சொன்னேன். பாட்டிலில் பிடித்து வந்து காட்டட்டுமா என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். கொசுப்புழுவைத் தின்னக் கிணற்றில் விடுகிற கப்பியைத்தான் அவன் பார்த்திருக்கிறான்.

அவன் பெயர் நினைவிருக்கிறது, இங்கே எழுதவில்லை. இதைப் படித்தால் போன் செய்யப்பா. நீ சொன்னதுதான் சரி.