தண்ணீரைத் தள்ளிப் போடாதீர்கள்



கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களைப் பாருங்கள். பலருடைய பையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். ஆனால் குடிக்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டால், “வீடு போய்ச் சேரட்டும், குடிச்சுக்கலாம்” என்பார்கள்.

கடலூர் முதுநகரில் விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு தெருத்தெருவாகப் போகும் அக்காக்களும் அப்படித்தான். சேத்தியாத்தோப்புப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர்கள், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள், பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் காரணம் ஒன்றுதான். ஒதுங்க இடம் இல்லை. இருந்தாலும் அங்கே கால் வைக்க முடிவதில்லை. அதனால் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள்.

“சாப்பிட்டியா?” என்று ஒரு நாளைக்கு நாலு முறை கேட்கிறோம். “தண்ணி குடிச்சியா? பாத்ரூம் போனியா?” என்று வளர்ந்த பெண்ணிடம் நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் தெரியுமா? நம் முதுகுப் பக்கம், விலா எலும்புகளின் ஓரத்தில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கைப்பிடி அளவு, சுமார் 150 கிராம். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்வடிகட்டிகள். இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, உடம்புக்கு வேண்டியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை முதல் இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே அனுப்புகின்றன. ரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பதிலும், ரத்த அணுக்கள் உருவாகத் தூண்டுவதிலும், எலும்புக்கான வைட்டமின் டியைச் செயல்பட வைப்பதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு.

வடிகட்டிய சிறுநீர் இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு வந்து சேருகிறது. பை 400, 500 மில்லி வரை தாங்கும். அங்கிருந்து வெளியேறும் பாதை ஆண்களுக்குச் சுமார் 20 செ.மீ., பெண்களுக்கு வெறும் 4 செ.மீ.தான். அதனால் கிருமி எளிதாக மேலேறிவிடும். பெண்களுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வருவதற்கு இது முக்கியமான காரணம். தண்ணீரும் குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டால் கிருமி உள்ளேயே தங்கிப் பெருகும்.

எரிச்சல் வந்தவுடன் “சூடு பிடிச்சிருக்கு” என்று மோர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். மோர் நல்லதுதான். ஆனால் எரிச்சலோடு குளிர் காய்ச்சல், முதுகு வலி, சிறுநீரில் ரத்தம் என்று ஏதாவது ஒன்று சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். கர்ப்பிணிகள் சிறு எரிச்சலைக்கூட நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

கல்லடைப்பும் நம் வெயிலோடு சேர்ந்தே வருகிறது. வேர்த்துக் கொட்டி நீர் வற்றினால் சிறுநீர் கெட்டியாகி, உப்புகள் படிந்து கல்லாகும். வாழைத்தண்டைக் கூட்டாகவோ பொரியலாகவோ தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் கல்லின் அளவு தெரியாமல், ஸ்கேன் எடுக்காமல், வாழைத்தண்டுச் சாற்றை மட்டும் நம்பி மாதக்கணக்கில் இருக்காதீர்கள். அடைப்பு நீடித்தால் சிறுநீரகமே கெடும்.

எனக்கு மிகவும் கவலை தருவது வெயிலில் உழைக்கிறவர்களின் நிலைதான். எல் சால்வடார், நிகராகுவா நாடுகளில் சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாத கரும்பு வெட்டும் இளைஞர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. இலங்கையில் அனுராதபுரம் பகுதி நெல் விவசாயிகளிடமும் 1990-களில் இருந்து இதுபோன்ற நோய் காணப்படுகிறது. இதற்கு ஒரே காரணத்தை இன்னும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. வெயிலும் நீர்வற்றலும் முக்கியப் பங்கு வகிப்பதாகப் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நம் மாநிலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரி சிறுநீரகவியல் மருத்துவர்கள் 2023-இல் விவசாயத் தொழிலாளர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்தார்கள். ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் சுமார் பாதிப் பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் தெரியவில்லை. நெல்லிக்குப்பமும் பண்ணுருட்டியும் புவனகிரியும் இருக்கிற நம் கடலூர் மாவட்டத்துக்கு இது தூரத்துச் செய்தியா என்ன?

நிகராகுவாவின் கரும்பு வயல்களில் நீர், நிழல், ஓய்வு மூன்றையும் முறைப்படி கொடுத்தபோது சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. இதற்குப் பெரிய செலவு ஆகாது. ஆள் வைத்து வேலை வாங்குகிற நம் விவசாயிகளும் மேஸ்திரிகளும் நாளையே செய்துவிட முடியும்.

இன்னொன்று, வலி மாத்திரை. உடம்பு வலி என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி, தண்ணீர் குடிக்காத உடம்பில் தினமும் போடுவது சிறுநீரகத்துக்கு நேரடியான அடி. அந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள்.

சர்க்கரை, பிரஷர் உள்ள வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறும்போது சிறுநீரகத்தின் செயல்திறன் பாதியளவு போயிருக்கக்கூடும். அதற்கு முன்பே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கிவிடும். வருடம் ஒரு முறை சிறுநீரில் அல்புமினும், கூடவே ரத்தத்தில் கிரியாட்டினினும் பாருங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மஞ்சக்குப்பத்தில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அண்ணாமலை நகரில் 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கிய கல்லூரியும் இன்று அரசு மருத்துவக் கல்லூரிதான். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களும் இதய நோயாளிகளும் மட்டும் எவ்வளவு தண்ணீர் என்பதை மருத்துவரிடம் கேட்டே குடிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பண்ணுருட்டிப் பலாச்சுளையும் இளநீரும் அவற்றில் உள்ள பொட்டாசியத்தால் ஆபத்தாகலாம். அன்பால்கூட அவர்களை வற்புறுத்தாதீர்கள்.

மற்றவர்களுக்கு எளிய கணக்கு ஒன்று போதும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது. அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை.

ஆனால் தண்ணீர் குடி என்று சொன்னால் மட்டும் போதுமா? குடித்தவர் ஒதுங்க இடம் வேண்டாமா? சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் ஆருத்ரா தரிசனத்துக்கும் தேர் வீதிகளில் அன்னதானம் செய்கிற அன்பர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்களில் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை ஏற்பாடு செய்வதும் அதற்கு இணையான தர்மம். கடை நடத்துகிறவர்கள் வேலை செய்யும் பெண்களுக்குக் கழிப்பறையும், தயங்காமல் போய்வர நேரமும் கொடுங்கள். பெற்றோர்களே, அடுத்த பள்ளிக் கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள்.

இன்று மாலை உங்கள் வீட்டுப் பெண்களிடமும் கூச்சமில்லாமல் “தண்ணி குடிச்சியா? பாத்ரூம் போனியா?” என்று கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்