அப்பாவுக்கு வந்த மொட்டைக் கடுதாசி

"டேய், எல்லாம் போச்சுடா!"

2025 நவம்பரில் ஒரு நாள், காலை ஐந்தே முக்கால் மணி. என் தூக்கத்தைக் கெடுப்பதற்கென்றே மத்திய சர்க்கார் அப்பாவை ரிட்டையர் பண்ணி அனுப்பியிருக்கிறது என்று எனக்கு ரொம்ப நாளாக சந்தேகம் உண்டு. கண்ணைத் திறந்தால் எதிரே அப்பா. மூக்கு நுனியில் கண்ணாடி, முழ நீளத்துக்கு நீட்டிப் பிடித்த கையில் செல்போன்.

"என்னப்பா போச்சு?"

"பென்ஷன்!"

வேறென்ன, வாட்ஸ்அப்தான். அனுப்பியவர் அப்பாவின் பழைய சகா. அவருக்கு அனுப்பியது அவருடைய சம்பந்தி. சம்பந்திக்கு யார் அனுப்பினார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் சிருஷ்டி காலம் வரை போகணும். விஷயம் இதுதான்: 2025 நிதிச் சட்டத்தின்படி, ரிட்டையர் ஆன மத்திய அரசு ஊழியர்களுக்கு இனி பஞ்சப்படி உயர்வு கிடையாது, சம்பளக் கமிஷன் பலனும் கிடையாது. உடனே பத்துப் பேருக்கு அனுப்பவும். மேலே மூணு சிவப்பு விளக்கு, கீழே அரை டஜன் ஆச்சரியக்குறி.

அப்பா தபால் இலாகாவில் முப்பத்தெட்டு வருஷம் குப்பை கொட்டி, 2011-ல் சப் போஸ்ட்மாஸ்டராக ரிட்டையர் ஆனவர். அன்றைக்குச் சாயந்தரத்துக்குள் வீட்டில் நெருக்கடி நிலை பிரகடனம் ஆகிவிட்டது. இங்கிலீஷ் பேப்பர் கட். எண்ணெய்ப் பலகாரம் கட். இதெல்லாம் நாட்டுக்கே நல்லது என்று நானும் சும்மா இருந்தேன். மூணாவதாக ஒன்று சொன்னார் பாருங்கள், அங்கேதான் எனக்கு சுருக்கென்றது.

"உங்கம்மா கண் ஆபரேஷன் இப்ப வேண்டாம். கையில காசு இருக்கட்டும்."

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணுக்கு தேதி குறித்து, அட்வான்ஸும் கட்டியாயிற்று. முந்தின வாரம்தான் பெரம்பூரிலிருந்து அடையாறில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பி, 29-சி என்று நினைத்து வேறு ஏதோ பஸ்ஸில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி நின்றுகொண்டு எனக்கு போன் பண்ணினாள். அப்படிப்பட்டவள் இப்போது, "எனக்கு என்ன அவசரம், மெதுவா பாத்துக்கலாம்" என்கிறாள். நம்ம அம்மாக்கள் எல்லோருக்கும் இந்த டயலாக்கை யார் எழுதிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

நான் பி.காம். அந்த கர்வத்தில், "அதெல்லாம் புருடாப்பா, நம்பாதீங்க" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நீ 2020-லயும் இதைத்தானே சொன்ன?"

மடக்கிவிட்டார். அந்தக் கதையைச் சொல்லியாகணும். கொரோனா ஊரடங்கின்போது, பென்ஷனில் 20 சதவீதம் வெட்டு என்று இதே மாதிரி ஒரு செய்தி சுற்றியது. 2020 ஏப்ரல் 19-ம் தேதி மத்திய நிதி அமைச்சகமே அது பொய், பென்ஷனில் வெட்டு இல்லை என்று மறுத்தது. நான் அதைக் காட்டி, அப்பா முன்னால் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். சரியாக நாலே நாள். ஏப்ரல் 23-ம் தேதி ஆர்டர் வந்தது: மூணு தவணை பஞ்சப்படி உயர்வு நிறுத்திவைப்பு! 17 சதவீதத்திலேயே நின்ற படி, 2021 ஜூலையில்தான் 28 சதவீதமாக ஏறியது. நடுவில் ஒன்றரை வருஷத்துக்கான அரியர்ஸ் வரவே இல்லை.

மறுப்பு பொய்யா என்றால், இல்லை. பென்ஷனில் ஒரு பைசா வெட்டவில்லை. ஏற வேண்டிய படி ஏறவில்லை, அவ்வளவுதான். வதந்தியை மட்டுமில்லை, மறுப்பையும் வார்த்தை வார்த்தையாகப் படிக்கணும் என்கிற ஞானம் எனக்கு அப்போது இல்லை. அதற்கு அப்பாவின் வாயால் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆகவே இந்த முறை உஷார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விதிகளைத் தேடினேன். பி.ஐ.பி. என்கிற மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் இந்தச் செய்தி பொய் என்று மறுத்திருந்தது. அதோடு நிற்காமல் உள்ளே போனால், நிஜமாகவே ஒரு திருத்தம் இருக்கிறது! 2025 மே மாதம், மத்திய சிவில் பணிகள் ஓய்வூதிய விதிகளில் 37-ம் விதி, 29-சி. (எனக்குத் தெரிந்த ஒரே 29-சி பெசன்ட் நகர் போகும். அம்மா தவறவிட்ட பஸ் இங்கே வந்து நிற்கிறது!)

அது என்ன சொல்கிறது? ஒரு சர்க்கார் இலாகா பொதுத்துறை நிறுவனமாக மாறுகிறது என்று வையுங்கள், டெலிபோன் இலாகா 2000-ல் பி.எஸ்.என்.எல். ஆன மாதிரி. அதில் போய் இணைந்த ஊழியர், பிற்பாடு அங்கே தப்புத் தண்டா செய்து டிஸ்மிஸ் ஆனால், பழைய சர்க்கார் சர்வீசுக்கான ஓய்வூதியப் பலன்களையும் இழப்பார். அந்த முடிவை சம்பந்தப்பட்ட அமைச்சகம் மறுபடி பரிசீலிக்கும். அவ்வளவுதான். இதைத்தான் எவனோ ஒரு புண்ணியவான் கண், மூக்கு, காது வைத்து, எல்லா தாத்தாக்களுக்கும் பஞ்சப்படி போச்சு என்று ஆக்கிவிட்டான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானும் பாதி உண்மை சொன்னவன் ஆவேன். 2025 நிதிச் சட்டத்தில் பென்ஷன் விதிகளைப் பற்றி ஒரு பகுதி நிஜமாகவே உண்டு. ஓய்வூதியர்களை வகை பிரிக்க சர்க்காருக்கு அதிகாரம் உண்டு என்கிற ரீதியில் போகிறது. ஓய்வூதியர் சங்கங்கள் அதை எதிர்த்தன. எதிர்க்க நியாயம் இருக்கிறது. ஆனால் பஞ்சப்படி ரத்து என்று அதில் எங்கேயும் இல்லை.

இத்தனையும் அப்பாவிடம் சொன்னேன். பாதியிலேயே கொட்டாவி விட்டார். விதி, உபவிதி எல்லாம் பார்த்தே ரிட்டையர் ஆனவர். கடைசியில் பி.காம். மூளை வேலை செய்தது.

"அப்பா, பாஸ்புக்கைக் கொண்டாங்க."

நிதிச் சட்டம் வந்தது 2025 மார்ச்சில். அதனால் பஞ்சப்படி உயர்வு செத்துப்போனது என்றால், அக்டோபர் முதல் தேதி மத்திய அமைச்சரவை 55 சதவீதத்தை 58 ஆக்கியது எப்படி? அதுவும் ஜூலையிலிருந்து கணக்குப் போட்டு, பென்ஷன்காரர்களையும் சேர்த்து! அப்பாவின் அசல் பென்ஷன் இருபதாயிரத்துச் சொச்சம். இருபது என்றே வைத்தாலும் 3 சதவீதத்துக்கு மாசம் 600 ரூபாய். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் அரியர்ஸ் 1,800. பாஸ்புக்கில் அட்சரம் பிசகாமல் விழுந்திருந்தது. அந்தக் காசில் அரைக் கிலோ மைசூர்பா வாங்கி, சர்க்கரை வியாதியோடு ஒளித்துவைத்துத் தின்றவரும் இதே அப்பாதான்.

அப்பா பாஸ்புக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இதை எழுதினவன் யாரு?"

"அதைத்தான் நான் உங்களைக் கேக்கணும். போஸ்ட் ஆபீஸ்ல கையெழுத்து, ஊர், பேர் ஒண்ணும் இல்லாம லெட்டர் வந்தா என்னன்னு சொல்வீங்க?"

"மொட்டைக் கடுதாசி."

"இதுல ஆர்டர் நம்பர் இருக்கா? தேதி இருக்கா? எந்த இலாகான்னு இருக்கா?"

போனைத் திரும்ப வாங்கி, மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷம் முத்திரை குத்திய கை. முகம் சுண்டிவிட்டது.

அப்போதுதான் கவனித்தேன், செய்தியின் அடியில் நீலக் கலரில் ஒரு லிங்க். பென்ஷன் நிற்காமல் இருக்க, லைஃப் சர்டிபிகேட்டை இங்கே புதுப்பிக்கணுமாம். நவம்பர்தான் உயிரோடிருக்கிறோம் என்று சர்டிபிகேட் கொடுக்கும் மாசம். பார்த்துத்தான் பொறி வைத்திருக்கிறான். "இதைத் தொட்டீங்களாப்பா?" என்றேன். "நேத்து ராத்திரி தொட்டேன். பேங்க் நம்பர் கேட்டுது. கண்ணாடி இல்லாததால விட்டுட்டேன்" என்றார். கண்ணாடி மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால்! நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அடுத்தது ஓ.டி.பி. கேட்டிருப்பான். அம்மாவின் கண்ணுக்கு வைத்திருந்த பணமும் அந்தக் கணக்கில்தான் இருந்தது. லைஃப் சர்டிபிகேட்டுக்கு தபால்காரரே வீட்டுக்கு வந்து விரல் ரேகை எடுத்துக்கொள்கிறார், அப்பாவுக்கு அது பெருமையும் கூட. ஆனால் பயந்துபோன மனுஷனுக்கு இதெல்லாம் ஞாபகம் வருமா?

அதற்கப்புறம் அப்பாவும் நானும் கூட்டணி. வருகிற செய்தியில் வினைச்சொல் எங்கே என்று முதலில் தேடுவோம். 65 வயதில் 5 சதவீதம், 70-ல் 10, 75-ல் 15 கூடுதல் பென்ஷன் என்று ஒன்று வந்தது. தேடினால், நாடாளுமன்ற நிலைக்குழு 2021-ல் செய்த பரிந்துரை! விதியில் இருப்பதோ 80 வயதில் 20 சதவீதம்தான். கம்யூட்டேஷன் பிடித்தம் 15 வருஷத்துக்குப் பதில் 12 வருஷம் என்றது இன்னொன்று; அது ஊழியர் தரப்பின் கோரிக்கை. எட்டாவது சம்பளக் கமிஷன் பென்ஷன் அட்டவணை, ரூபாய் பைசா சுத்தமாக, கலர் கலராக வந்தது. கமிஷனை 2025 நவம்பரில்தான் அமைத்து அறிக்கை தர 18 மாசம் கொடுத்திருந்தார்கள். கமிஷனுக்கே தெரியாத தொகை அப்பாவின் குரூப்புக்குத் தெரிந்திருந்தது!

அந்த குரூப்பில் அப்பா இப்போது பொல்லாதவர். ஆதாரமில்லாத செய்தி வந்தால், "அனுப்புநர் முகவரி இல்லை, திருப்பி அனுப்பப்படுகிறது" என்று போட்டுவிடுகிறார். இதனால் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அம்மாவுக்கு டிசம்பரில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றின மறுநாள் காலை, ஹாலில் அப்பாவின் குரல். "டேய், இங்க வா, பஞ்சப்படியை அசலோட சேர்த்துட்டானாம்!"

நான் எழுந்து வருவதற்குள் அம்மா போனை வாங்கி, கையை நீட்டாமலே ஒரு தடவை படித்தாள். "ஏங்க, கடைசி வரியைப் பாத்தீங்களா? பரிசீலிக்கப்படலாம்னு பொடி எழுத்துல போட்டிருக்கானே" என்று சொல்லிவிட்டு, காபி கலக்க உள்ளே போய்விட்டாள்.