கையில் கொடுத்தனுப்பிய சேதி

வானொலியில் இரண்டு விநாடி சத்தம் இல்லாமல் போனாலே எனக்குப் பதறும். எங்கள் தொழிலில் தாமதம் என்றால் தவறு. அந்த எண்ணத்தை மாற்றியது 2021 டிசம்பர் வெள்ளம்.

ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் சித்தி வீடு. மின்சாரம் இல்லை, கைப்பேசியும் அணைந்துவிட்டது. மறுநாள் பக்கத்து வீட்டுப் பையன் படகில் வெளியே வந்து, சிக்னல் கிடைத்ததும் எனக்கு அழைத்தான். "ஆன்ட்டி மாடியில பத்திரமா இருக்காங்க." அரை நாள் பழைய சேதிதான். ஆனால் அதைக் கேட்டபிறகுதான் அம்மா ஒரு வாய் சோறு சாப்பிட்டார்.

கருவிகளுக்கும் இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு 2004-இல் கென்யாவில் வரிக்குதிரைகளின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டைகளை மாட்டியது. திட்டத்தின் பெயர் ஸீப்ராநெட். அந்தப் புல்வெளியில் கைப்பேசிக் கோபுரங்களை நம்ப முடியாது. அதனால் இரண்டு வரிக்குதிரைகள் அருகருகே வந்தால், பட்டைகள் தங்கள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும். ஆய்வாளரின் வண்டி ஏதாவது ஒன்றை நெருங்கினால் போதும், கண்ணில் படாத மற்ற வரிக்குதிரைகள் நடந்த பாதையும் அதனிடமிருந்து கிடைத்துவிடும்.

சிக்கல் பேட்டரியில்தான். பட்டை சிறியது, சூரிய ஒளியில் ஊறும் மின்சாரம் கொஞ்சம். சந்திக்கும் எல்லாரிடமும் நகல் கொடுத்தால் சேதி சேர வாய்ப்பு அதிகம், ஆனால் மின்சாரமும் நினைவக இடமும் கரைந்துவிடும். ஒருவரிடம் மட்டும் கொடுத்தால் மிச்சம், ஆனால் அவர் போய்ச் சேராவிட்டால்? குழு ஆராய்ந்த இன்னொரு வழி எனக்குப் பிடித்தது: யார் அண்மையில் வண்டியைச் சந்தித்திருக்கிறாரோ, அவரிடம் கொடு. முன்பு போய்ச் சேர்ந்தவர் மறுபடியும் சேரக்கூடும் என்ற கணக்கு.

சித்தியும் அதைத்தான் செய்தார். அந்தப் பையன் ஏற்கெனவே ஒருமுறை வெளியே போய்த் தண்ணீர் போத்தல்களோடு திரும்பியவன். காலண்டர் தாளைக் கிழித்து, மனப்பாடமாக இருந்த என் எண்ணை எழுதி அவன் கையில் கொடுத்திருக்கிறார்.

எனக்கு அவர் எண் மனப்பாடமில்லை. மழைக்காலம் வருமுன் நீங்களும் நாலு எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். சேதியைச் சுமக்க யாராவது கிடைப்பார்கள். யாரிடம் சேர்ப்பது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமே!