நீல மாத்திரை கொடுக்கிறோம், காரணம் சொல்றோமா?

1/ அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறாங்க. பசங்க, பொண்ணுங்க ரெண்டு பேருக்கும். "அது எதுக்கு?"ன்னு உங்க வீட்டுப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் வர்ற பதில்: "தெரியல, மிஸ் கொடுத்தாங்க." இந்த இழை அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2/ தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) கணக்குப்படி, இந்தியாவில் 15-19 வயசுப் பொண்ணுங்கள்ல 59% பேருக்கு ரத்தசோகை. பசங்கள்ல 31%. ஆக, மாத்திரை தேவைதான். அதுல எனக்கு எந்தச் சந்தேகமும் இல்ல. நல்ல திட்டம்.

3/ ஆனா வெறும் வயித்துல போட்டா குமட்டும். மலம் கருப்பாப் போகும். இந்த ரெண்டையும் முன்னாடியே சொல்லிட்டா பிள்ளை பயப்படாது. சொல்லலைன்னா? ஒரு பிள்ளை வாந்தி எடுத்தா போதும், அடுத்த வாரம் பாதி வகுப்போட மாத்திரை ஜன்னலுக்கு வெளியே கிடக்கும். "அது கருத்தடை மாத்திரையாம்"னு வாட்ஸ்அப் வதந்தி வேற.

4/ பத்து நிமிஷம் பேசினா போதும். மதியம் சாப்பிட்ட பிறகு போடு. அதோட டீ, காபி குடிக்காதே, இரும்புச்சத்து உடம்புல சேராது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை சேர்த்துக்கோ, நல்லா சேரும். பீட்ரூட் சிவப்பா இருக்குங்கறதால மட்டும் ரத்தம் ஊறிடாது. ஈரல், கீரை, கேழ்வரகு, பயறு சாப்பிடு. இவ்வளவுதான் பாடம்.

5/ இதைச் சொல்லாம விட்டா என்ன ஆகும்? 14 வயசுப் பொண்ணு ஒருத்தி. படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு கூட்டிட்டு வந்தாங்க. ஹீமோகுளோபின் 5. அந்த வயசுக்கு 12 இருக்கணும். ரத்தம் ஏத்த வேண்டியதாப் போச்சு.

6/ விசாரிச்சா, ஒவ்வொரு மாசமும் 12 நாள் வரைக்கும் போகுது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின். ஏறக்குறைய ஒரு வருஷமா இப்படி. "ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"ன்னு கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன் மேடம்."

7/ அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. எது இயல்புன்னு அவகிட்ட யாரும் சொல்லல. பள்ளி மாணவிகளுக்கு இலவசமா நாப்கின் கொடுக்கிற மாநிலம் நம்மது, பெருமையான விஷயம். நாப்கின் கொடுத்தோம். எத்தனை நாப்கின் நனைஞ்சா ஆபத்துன்னு சொல்லிக் கொடுக்கல.

8/ பெற்றோர்கள் இதைக் குறிச்சு வச்சுக்கோங்க. 7 நாளுக்கு மேல போனா, ஒரு மணி ரெண்டு மணிக்கு ஒரு நாப்கின் முழுசா நனைஞ்சா, பெரிய கட்டிகளா வந்தா, ராத்திரி எழுந்து மாத்த வேண்டி வந்தா, டாக்டரைப் பாருங்க. 15 வயசாகியும் பெரியவளாகலைன்னாலும் பாருங்க. "போகப் போகச் சரியாயிடும்"னு விட வேண்டாம்.

9/ "புத்தகத்துல பாடம் இருக்கே?" இருக்கு. எட்டாம் வகுப்பு அறிவியல்லயே வளரிளம் பருவம் பத்திப் பாடம் உண்டு. ஆனா பல வகுப்புகள்ல "இதை நீங்களே படிச்சுக்கோங்க"ன்னு தாண்டிடுறாங்க. இல்லைன்னா பசங்களை கிரவுண்டுக்கு அனுப்பிட்டு, பொண்ணுங்களுக்கு மட்டும் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுறாங்க.

10/ கிரவுண்டுக்குப் போன பையனுக்கு யார் சொல்லிக் கொடுப்பா? தூக்கத்துல விந்து வெளியேறுறது இயல்புன்னு தெரியாம, பெரிய வியாதின்னு நினைச்சு மனசு உடைஞ்சு போறாங்க. அவங்களுக்குப் பாடம் எடுக்கிறது லாட்ஜ்ல ரூம் போட்டு உட்கார்ந்திருக்கிற போலி வைத்தியர். ஃபீஸும் அவருக்குத்தான்.

11/ "இதெல்லாம் சொன்னா பிள்ளைங்க கெட்டுப் போவாங்க." அடிக்கடி கேட்கிற வாதம். பெற்றோரோட பயம் எனக்கும் புரியுது. ஆனா பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாச் சொல்லுது: முறையான பாலியல் கல்வியால பிள்ளைகளோட பாலியல் நடவடிக்கை கூடுறதில்ல. நாம சொல்லலைன்னா செல்போன் சொல்லும். எதைச் சொல்லும்னு உங்களுக்கே தெரியும்.

12/ இன்னொண்ணு. உடம்போட உறுப்புக்குப் பேர் சொல்லவே கூச்சப்படுற பிள்ளை, யாராவது தப்பாத் தொட்டா எப்படிச் சொல்லும்? 1098 குழந்தைகள் உதவி எண், 14416 மனநல உதவி எண். ரெண்டும் ஒவ்வொரு வகுப்புச் சுவத்துலயும் இருக்கணும். எப்போ கூப்பிடணும்னும் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கணும்.

13/ "ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல வேலை." உண்மை. பள்ளிக்கு ரெண்டு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கிற மத்திய அரசுத் திட்டம் 2020-லயே வந்தது. ஆனா பயிற்சி எடுத்தவருக்கு டைம்டேபிள்ல ஒரு பீரியட் இல்லைன்னா அவர் எப்போதான் பேசுவார்? வருஷத்துக்கு ஒரு தடவை பள்ளிக்கு வர்ற மருத்துவக் குழுவுக்கு அத்தனை பிள்ளைகளையும் பரிசோதிச்சு முடிக்கவே நேரம் பத்தாது.

14/ அதனால நான் கேட்கிறது இவ்வளவுதான்:
• 7, 8, 9-ஆம் வகுப்புகளுக்கு வாரம் ஒரு பீரியட். அதைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கக் கூடாது.
• பசங்க, பொண்ணுங்க சேர்ந்தே உட்காரணும். தனியாக் கேட்க வேண்டியதுக்குப் பேர் எழுதாம போடுற கேள்விப் பெட்டி.
• மாசம் ஒரு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸோ டாக்டரோ வந்து அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லணும்.
• பரீட்சை வேண்டாம், மார்க் வேண்டாம்.
• என்ன சொல்லித் தரப் போறோம்னு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல பெற்றோருக்கு முதல்லயே சொல்லிடணும்.

15/ தனியார் பள்ளிப் பெற்றோர்களே, உங்க பிள்ளைங்களுக்குப் பெரும்பாலும் அந்த நீல மாத்திரையும் வர்றதில்ல. நீட் கோச்சிங்குக்கு எட்டாம் வகுப்புலயே இடம் இருக்கு, சொந்த உடம்பைத் தெரிஞ்சுக்க இடம் இல்ல. டாக்டர் ஆகப் போற பிள்ளைக்காவது அது தெரிய வேண்டாமா?

16/ அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்ல மார்க் பத்திக் கேட்கிறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: "எட்டாம் வகுப்புல அந்தப் பாடத்தை நடத்திட்டீங்களா? பசங்களையும் உட்கார வச்சா?" நாலு பெற்றோர் சேர்ந்து கேட்டா, தாண்டிப் போன பக்கத்தைப் பள்ளிக்கூடம் திருப்பித்தான் ஆகணும்.