சேலையூரிலிருந்து சேலையூருக்கு, சிங்கப்பூர் வழியாக

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மழைக்காலத்தில் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்த வழியாக வண்டியை வெளியே எடுக்கலாம் என்று என் அண்ணன் மகன் தன்னுடைய இணையதளத்தில் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்த தெருக்களெல்லாம் அதில் பெயரோடு உண்டு. போன ஐப்பசியில், வெளியே தூறல் வலுத்த நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். இரண்டாவது பத்திக்குக் கீழே ஒரு விளம்பரம்: முடிச்சூர் அருகே சிஎம்டிஏ அப்ரூவல் பெற்ற மனைகள், உடனே வீடு கட்டலாம், சைட் பார்க்க இலவச வண்டி.

போன் போட்டு, "என்னடா இது?" என்றேன்.

"நான் போட்டது இல்ல சித்தப்பா. பக்கத்துல முடிச்சூர்னு இருக்கு, வீடுன்னு இருக்கு, தெருன்னு இருக்கு. மிஷினுக்கு அது போதும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆனா அந்தப் பக்கத்துலதான் நல்ல காசு வருது" என்றான்.

அவன் தளத்தில் அதிகம் பேர் பார்க்கும் பக்கம் அது இல்லை. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்ற பக்கத்துக்குத்தான் எப்போதும் முதலிடம். 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிற தடம் இது. ராத்திரி மாம்பலம் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, வண்டி போய்விட்டதா இன்னும் இருக்கிறதா என்று தவிப்பவனுக்கு அவன் எழுதிய நாலு வரி பெரிய உபகாரம். அதற்கு அடுத்தது கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி புதிய பேருந்து முனையம் திறந்ததும், பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் எந்த பஸ் அங்கே, எந்த பஸ் கோயம்பேட்டில் என்று தெரியாமல் திண்டாடினார்கள். இவன் ராத்திரி உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டான். காலையில் பார்த்தால் ஜேஜே என்று கூட்டம். அந்த மாதம் பையனுக்கு நல்ல வரும்படி என்று நினைத்துக்கொண்டேன். "கூட்டம் வந்துச்சு, காசு வரல" என்றான்.

யோசித்துப் பார்த்தால் அது அப்படித்தான் இருக்க முடியும். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் வழியில் எதையும் வாங்குவதில்லை. அவன் கண்ணில் படுவதற்காக எந்த வியாபாரியும் இன்னொரு வியாபாரியோடு போட்டி போட மாட்டான். மனை வாங்க நினைத்து முடிச்சூரில் தண்ணீர் நிற்குமா என்று தேடுகிறவன் வேறு ரகம். அவன் கையில் பல லட்சம் இருக்கிறது, அல்லது வங்கி கொடுக்கத் தயாராக இருக்கிறது. அவன் ஒருவனைப் பிடிக்க பத்து பில்டர்கள் ஏலம் கேட்பார்கள். எழுத்தின் பயனுக்கும் இந்த ஏலத்துக்கும் ஒட்டு உறவு கிடையாது.

ஏலம் என்று நான் சொல்வது நிஜமாகவே ஏலம்தான். கலிஃபோர்னியாவில் பில் கிராஸ் என்பவர் 1998-இல் கோடூ டாட் காம் என்ற தேடல் தளத்தில் தேடும் சொற்களை ஏலத்துக்கு விட்டார். அதிகம் கேட்டவர் பெயர் மேலே வரும். யாராவது அதைத் தொட்டால்தான் காசு. தேடலில் காசு வாங்கிக்கொண்டு இடம் கொடுப்பதா என்று முகம் சுளித்தவர்கள் நிறையப் பேர். அந்தக் கம்பெனி பிறகு ஓவர்ச்சூர் என்று பெயர் மாறி, 2003-இல் யாகூவுக்கு 160 கோடி டாலருக்கு மேல் விலை போனது. முகம் சுளித்தவர்களும் அதற்குள் அதே வழிக்கு வந்துவிட்டார்கள். கூகுள் 2002-லேயே தன் தேடல் விளம்பரங்களைக் கிளிக் ஏலத்துக்கு மாற்றிக்கொண்டது. 2003-இல் ஒரு பக்கத்தின் சொற்களைப் படித்து அது எதைப் பற்றியது என்று ஊகிக்கும் நுட்பம் வைத்திருந்த அப்ளைடு செமான்டிக்ஸ் என்ற நிறுவனத்தை வாங்கியது. அதே ஆண்டில் ஆட்சென்ஸ் பிறந்தது. யார் வேண்டுமானாலும் தன் தளத்தில் கொஞ்சம் இடம் விடலாம், கூகுள் அதில் பொருத்தமான விளம்பரத்தைக் கொண்டுவந்து வைக்கும், வருகிறதில் பங்கு தரும். வெள்ளப் பக்கத்தில் மனை விளம்பரம் வருவதும் அந்தப் பொருத்தத்தில்தான்.

காசு வாங்குகிறவர் கதையைக் கேட்டாச்சு. காசு கொடுக்கிறவர் பக்கத்தையும் கேட்போமே என்று சேலையூரில் கேம்ப் ரோடு பக்கம் கிளினிக் வைத்திருக்கும் என் பல் டாக்டரிடம் ஒருநாள் பேச்சுக் கொடுத்தேன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாது என்பதால் பாதிக் கேள்விகளை அவராகவே ஊகித்துப் பதில் சொன்னார்.

"ராத்திரி பதினோரு மணிக்குப் பல் வலி தாங்காம ஃபோன்ல தேடுறாங்க பாருங்க, அவங்களுக்காகத்தான் சார் காசு கட்டறேன். சும்மா பொழுதுபோகாம தொடுறவங்களுக்கும் அதே காசு போகுது, அதுதான் வயித்தெரிச்சல்."

அவர் விளம்பரம் கிளினிக்கைச் சுற்றி அஞ்சு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் காட்டப்படும். ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், கிழக்குத் தாம்பரம், அதோடு சரி. அடையாறிலிருந்து யாரும் பல்லைப் பிடுங்கிக்கொள்ள சேலையூர் வரமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் செலவு என்று உச்சவரம்பும் போட்டிருக்கிறார். பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு கிளினிக் வந்து அதே சொற்களுக்குக் கேட்க ஆரம்பித்ததிலிருந்து விலை ஏறிக்கொண்டே போகிறதாம். முன்பெல்லாம் இதே டாக்டர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டுக்குள் இலவசமாக வந்து விழும் பேட்டைப் பத்திரிகையில் வரி விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்தார். விளம்பரம் சேகரிக்க வரும் பெரியவர் சைக்கிளில் வந்து காபி குடித்துவிட்டுப் போவார். அவரிடம் பேரம் பேசலாம், இந்த வாரம் வேண்டாம் என்று சொல்லலாம், ரசீதைத் தொலைத்துவிட்டுத் திரும்பக் கேட்கலாம்.

டாக்டர் கிளினிக்கிலிருந்து அண்ணன் மகன் வீடு நடக்கிற தூரம்தான். ஒரு பேச்சுக்கு, டாக்டர் ஒரு கிளிக்குக்கு 20 ரூபாய் தருகிறார், அந்தக் கிளிக் இவனுடைய பக்கத்தில் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டாக்டருக்கு பில் கொடுப்பது கூகுள் இந்தியா. 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. இவனுக்குப் பணம் அனுப்புவது சிங்கப்பூரில் இருக்கும் கூகுள் ஏசியா பசிபிக். எல்லாம் கழித்து இவன் பங்கு ஏறத்தாழ 68 சதவீதம், அதாவது 13 ரூபாய் 60 காசு. ரூபாயாகக் கிளம்பியது கணக்கில் டாலராக மாறி நிற்கும். நூறு டாலர் சேர்ந்தால்தான் கையில் வரும். பணம் வருகிற மாதங்களில் 21-ஆம் தேதிக்கும் 26-க்கும் நடுவே அனுப்புவார்கள். அது வங்கியில் மறுபடி ரூபாயாகி, கேம்ப் ரோட்டிலேயே ஏதோ ஒரு டீக்கடையில் செலவாகும்.

மிச்சம் 6 ரூபாய் 40 காசு தரகு. அது அநியாயம் என்று எடுத்த எடுப்பில் சொல்ல எனக்கு மனசில்லை. சைக்கிள் பெரியவருக்கும் கமிஷன் உண்டு. உறுத்துவது வேறு. ஆட்சென்ஸ் தொடங்கி ஏழு வருஷம் கழித்து, 2010 மே மாதத்தில்தான், இந்த 68 என்ற எண்ணையே கூகுள் வெளியே சொன்னது. அதுவரைக்கும் உலகம் முழுக்க அதன் பங்காளிகள் தங்கள் பங்கு எவ்வளவு என்று தெரியாமலே பங்காளிகளாக இருந்தார்கள். விளம்பர இடத்தை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஏலச் சந்தைக்கும் ஒரே ஆள் தரகராக இருக்கலாமா என்ற வழக்கு அமெரிக்காவில் நடந்து, 2025 ஏப்ரலில் வர்ஜீனியாவில் நீதிபதி லியோனி பிரிங்கிமா, விளம்பரத் தொழில்நுட்பச் சந்தையின் இரண்டு பகுதிகளில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் செய்தது என்று தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பால் சேலையூரில் இன்னும் யாருக்கும் ஒரு பைசா கூடவில்லை.

இவனுக்கு முந்தைய செட்டுக்கு இந்த 13 ரூபாயும் கிடையாது. தமிழில் வலைப்பதிவுகள் 2003 வாக்கிலேயே வந்துவிட்டன. அவற்றைத் திரட்டிக் கொடுத்த தமிழ்மணம் 2004-இல் வந்தது. கதை, சினிமா, சமையல், சண்டை என்று எழுதித் தள்ளினார்கள். ஆனால் ஆட்சென்ஸ் ஏற்கும் மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை. இந்திக்கு 2014 கடைசியில் இடம் கிடைத்தது. தமிழுக்கு 2018 பிப்ரவரி. அந்த இடைவெளியில், காசு பார்க்க வேண்டும் என்றால் ஒரே வழி ஆங்கிலத்தில் எழுதுவது. நன்றாகத் தமிழ் எழுதக்கூடிய பையன்கள் ஓட்டை ஆங்கிலத்தில் செல்போன் பேட்டரியைப் பாதுகாக்கும் வழிகளை எழுதிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழுக்கு விலை வந்ததும் தமிழில் என்ன பெருகியது? ராசிபலன், இன்றைய தங்கம் விலை, ஆண் குழந்தைப் பெயர்கள், அரசு வேலை அறிவிப்பு. எழுதுகிறவர்களைக் குறை சொல்லவில்லை, வாடகை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் இதே தாம்பரம் வட்டாரத்தில் சிட்லபாக்கம் ஏரியைப் பற்றி ஒருவன் ஒரு வருஷம் அலைந்து எழுதினால், அந்தப் பக்கத்தில் இடம் கேட்டு எந்த வியாபாரி ஏலத்துக்கு வருவான்? ஏரியை விற்க முடியாதே. குறைந்தபட்சம், விளம்பரம் போட்டு விற்க முடியாது.

சொந்தக்காரர்கள் சங்கதி ஒன்று சொல்ல வேண்டும். தளம் ஆரம்பித்தபோது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அண்ணி ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார்: எல்லாரும் தம்பி சைட்டுக்குப் போய் ஆளுக்கு நாலு விளம்பரத்தைத் தொடுங்கள், பிள்ளை முன்னுக்கு வரட்டும். மொய் எழுதுவது மாதிரி. இவன் பதறிப்போய், "அம்மா, டெலீட் பண்ணு, டெலீட் பண்ணு" என்று கத்திவிட்டான். ஏனென்றால் இந்த மொய்யை அந்த வீட்டில் ஏற்கமாட்டார்கள். ஒரே இடத்திலிருந்து வரும் அன்புக் கிளிக்குகளைக் கணினி கண்டுபிடித்துக் கழித்துவிடும், காசு விளம்பரதாரருக்குத் திரும்பிப் போகும், கணக்கையே மூடிவிடவும் செய்யலாம்.

அவர்கள் உஷாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2004-லேயே டைம்ஸ் ஆஃப் இந்தியா, வீட்டில் உட்கார்ந்தபடி கூலிக்கு விளம்பரங்களைக் கிளிக் செய்யும் இந்தியர்களைப் பற்றி எழுதியது. 2006-இல், போலிக் கிளிக்குகளுக்கும் எங்களிடம் காசு வாங்கிவிட்டார்கள் என்று அமெரிக்காவில் விளம்பரதாரர்கள் போட்ட வழக்கைக் கூகுள் 9 கோடி டாலர் வரை தருவதாகச் சொல்லி முடித்துக்கொண்டது. விளம்பரம் பார்த்தாலே பணம் என்ற ஆசை மட்டும் இங்கே தீரவில்லை. கோவையில், விளம்பரம் பார்த்தால் பணம் தருவதாகச் சொன்ன மைவி3 ஆட்ஸ் மீது போலீஸ் வழக்குப் போட்டபோது, 2024 ஜனவரியில் நீலாம்பூரில் அந்த நிறுவனத்துக்கு ஆதரவாகவே ஆயிரக்கணக்கில் கூடினார்கள். விளம்பரத்தைப் பார்ப்பவருக்கு ஒருவர் பணம் தருகிறார் என்றால் அந்தப் பணம் எந்தக் கடையில் பொருள் விற்று வருகிறது என்று அங்கே கூடியவர்களில் யாராவது கேட்டார்களா தெரியவில்லை. மின்சார ரயில் பெட்டிக்குள் 'வீட்டிலிருந்தே வருமானம்' ஸ்டிக்கரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்விதான்.

இவ்வளவு பேசிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: ஆட்சென்ஸில் கிளிக்குக்குக் காசு என்ற ஏற்பாடே இப்போது இல்லை. 2023 நவம்பரில் அறிவித்து, 2024 தொடக்கத்திலிருந்து, தளக்காரர்களுக்கு விளம்பரம் எத்தனை முறை கண்ணில் பட்டது என்ற கணக்கில்தான் தருகிறார்கள். டாக்டர் கிளிக்குக்குத்தான் கொடுக்கிறார். நடுவில் கூகுள் அதைப் பார்வைக் கணக்காக மாற்றிக்கொள்கிறது. நான் மேலே போட்ட 20 ரூபாய்க் கணக்கு புரிவதற்காகப் போட்டது. இதைவிடப் பெரிய அடி, பார்வையே குறைந்து போனது. 2024 ஆகஸ்டில் கூகுளின் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் இந்தியாவுக்கு வந்தது. "கடைசி ரயில் எத்தனை மணிக்குன்னு மேலேயே சொல்லிடுது சித்தப்பா. அப்புறம் என் பக்கத்துக்கு எதுக்கு வரணும்?" என்கிறான். அது சொல்கிற நேரம் ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருந்தாது என்று ஒரு புகாரும் வைத்திருக்கிறான்.

இப்போது அவன் சைக்கிள் பெரியவர் செய்ததைச் செய்கிறான். டீஷர்ட்டை மாற்றிவிட்டுச் சட்டை போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறுகிறான். போன வாரம் மேற்குத் தாம்பரம் சண்முகம் ரோட்டில் ஒரு பாத்திரக்கடைக்குத் துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனான். கல்லாவில் இருந்த அண்ணாச்சி அவன் நீட்டிய போனைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"மாசம் எத்தனை பேரு பாக்காவ?"

"முப்பதாயிரம் பேர் அண்ணாச்சி."

"அதுல தாம்பரத்துக்காரன் எத்தனை?"

இவன் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். சென்னை என்று மட்டும்தான் இருந்தது.

"திருவொத்தியூரும் சென்னைதாம்ல. அங்கேருந்து குக்கர் வாங்க இங்க வருவானா?" என்றவர், பக்கங்களின் பட்டியலில் விரலை வைத்தார். "இது என்ன, கடைசி ரயிலா? இதை எவன் பாப்பான், தாம்பரத்துக்கு வர்றவன்தான பாப்பான்? இதுல போடு."

"அதுக்கு ரேட்டே கம்மி அண்ணாச்சி. மனை விளம்பரம் வர்ற முடிச்சூர் பக்கத்துல போட்டா..."

"மனை வாங்குதவன் எனக்கு எதுக்கு? அவன் வீடு கட்டி பால் காய்ச்ச இன்னும் ரெண்டு வருசம் ஆவும். மாசம் என்ன கேக்க?"

"ஆயிரத்தைந்நூறு."

"ஆயிரம் வச்சுக்க. ஆடி முடியட்டும், பொறவு பேசுவோம்."