பழைய சாமான்களும் கதை சொல்லும்



லண்டனில் இருக்கும் என் தம்பியின் வீட்டுக்குப் போயிருந்தபோது அவனுடைய அறையில் ஒரு கண்ணாடி அலுமாரியைக் கண்டேன். புத்தகங்களாக்கும் என்று கிட்டப் போனால், உள்ளே முழுவதும் விளையாட்டுச் சாமான்கள். விண்வெளிக் கப்பல்கள், ரோபோக்கள், ஒரு பழைய கணினி, அடுக்கடுக்காகக் கசெற்றுகள்.

“ஐம்பது வயது தாண்டியும் உனக்கு விளையாட்டுப் புத்தி போகேல்லையே தம்பி?” என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. ஒரு சாண் நீளமான கப்பல் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான்.

அதன் பெயர் ‘ஈகிள்’. 1975இல் பிரித்தானியாவில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘ஸ்பேஸ்: 1999’ என்ற தொலைக்காட்சித் தொடரில் வருவது. டிங்கி என்ற பெயரில் பொம்மை வாகனங்கள் செய்த நிறுவனம் இதையும் செய்து விற்றது. லிவர்பூலில் இருந்த அந்தத் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டுவிட்டது. தொடரின் கதை இதுதான்: சந்திரனில் போட்டு வைத்த அணுக்கழிவு வெடிக்கிறது. சந்திரன் பூமியை விட்டு விலகி ஓடுகிறது. அங்கே தங்கி வேலை செய்த முந்நூறுக்கும் மேற்பட்டோர் வீடு திரும்ப வழியில்லாமல் அலைகிறார்கள்.

“நான் 1984இல இஞ்ச வந்து இறங்கேக்க எனக்குப் பதினாலு வயசு அக்கா. பிறகு வீடியோவில இந்தக் கதையைப் பாத்தன். என்ரை கதை மாதிரியே இருந்தது” என்றான்.

இத்தனை வருடத்தில் அவன் அந்த நாட்களைப் பற்றி என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

கணினியின் கதையையும் சொன்னான். அது 1982இல் வெளிவந்த ‘ஸ்பெக்ட்ரம்’. மாமா அவனுக்குப் பழையதாக வாங்கிக் கொடுத்தது. அதன் நினைவகம் வெறும் 48 கிலோபைட். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதில் அடங்காது. வீட்டுத் தொலைக்காட்சியிலும் கசெற் பிளேயரிலும் பொருத்தி, ‘கீச்’ என்ற சத்தத்துடன் நாடா ஓட, ஒரு விளையாட்டு ஏற ஐந்து நிமிடமளவில் செல்லுமாம். நடுவில் பிழைத்தால் திரும்பவும் முதலிலிருந்து.

இந்தக் கணினிகளைப் பொருத்தியவர்கள் யார் தெரியுமா? ஸ்கொட்லாந்தின் டண்டி நகரில் இருந்த ரைமெக்ஸ் கடிகாரத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள். அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். 1993இல் அங்கே வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். அதே ஆண்டில் தொழிற்சாலையும் மூடப்பட்டது. அந்தப் பெண்களின் கைபட்ட பெட்டிகளைத்தான் இன்று பலர் பத்திரப்படுத்துகிறார்கள். தையல் ஆலைகளில் உழைக்கும் நம் சகோதரிகளை நினைத்துக்கொண்டேன்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியின் நண்பர்கள் கூடுவார்கள். தேநீர் குடித்தபடி ஆளுக்கொரு சாமானைக் காட்டிக் கதை சொல்வார்கள். சிலரிடம் இருப்பது சிறுவயதில் வைத்திருந்த அதே பொருள் அல்ல. தொலைந்ததைப் போல ஒன்றைப் பழைய கடையில் தேடி வாங்கியது. பொருள் வேறானாலும் நினைவு அதேதான்.

ஊர் திரும்பியதும் என் பெட்டியின் அடியிலிருந்து அம்மாவின் சுண்டை எடுத்தேன். 1995 இடப்பெயர்வின்போது அம்மா பையில் போட்டுக்கொண்டு வந்த ஒரே வீட்டுச் சாமான் அது. அம்மா போன பிறகு, பார்த்தால் அழுகை வரும் என்று ஒளித்து வைத்திருந்தேன். அன்று அதில்தான் அரிசி அளந்தேன். “இது என்ன அம்மம்மா?” என்று பேத்தி கேட்டாள். சொன்னேன். அழுகை வந்ததுதான். ஆனால் சொல்லி முடிந்ததும் மனம் லேசாக இருந்தது.

சகோதரிகளே, எங்களில் பலரிடம் ஒரு புகைப்படம்கூட மிஞ்சவில்லை. பரவாயில்லை. முற்றத்தில் இருந்த அம்மி, கணவரின் சைக்கிள், பிள்ளையின் பள்ளிக்கூடப் பை என்று மனதில் இருக்கும் ஒன்றைப் பற்றிப் பிள்ளைகளிடமோ அயல் வீட்டுச் சகோதரியிடமோ சொல்லிப் பாருங்கள். மனம் வராத நாளில் சொல்ல வேண்டாம். வரும் நாளில் மறைக்கவும் வேண்டாம்.

உங்கள் வீட்டுச் சாமான் ஒன்றின் கதையை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.