அப்டக்‌ஷன்னா ஆள் கடத்தலா?

குற்றாலம் மெயின் அருவி பக்கம் எண்ணெய் மசாஜ் பண்றவங்களைக் கவனிச்சிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? "முழங்கைய மடக்குங்க, நீட்டுங்க, கைய பக்கவாட்டுல தூக்குங்க"ன்னு சொல்லிக்கிட்டே வேலையை முடிச்சிடுவாங்க. மெடிக்கல் பசங்க இதையேதான் ஃப்ளெக்‌ஷன், எக்ஸ்டென்ஷன், அப்டக்‌ஷன்னு மனப்பாடம் பண்றாங்க.

உடம்போட நடுக்கோட்டை விட்டு விலக்கினா அப்டக்‌ஷன். கோட்டுப் பக்கம் கொண்டு வந்தா அடக்‌ஷன். காதுல ரெண்டும் ஒண்ணாவே விழும்! அதனால 'ஏ-பி-டக்‌ஷன்', 'ஏ-டி-டக்‌ஷன்'னு பிரிச்சுச் சொல்ற டாக்டர்களும் உண்டு.

விபூதி வாங்க உள்ளங்கைய மேல பாத்து நீட்டுறோமே, அது சூப்பினேஷன். கவிழ்த்தா ப்ரொனேஷன். கவிழ்க்கும்போது முன்கையில ரேடியஸ் எலும்பு அல்னா மேல குறுக்கே சாயும். ரோபோ கைக்கு இதுக்குன்னே தனி மோட்டார் வைக்கணும். (இன்ஜினீயரிங் புத்தி!)

தோள் இறுகிப்போன எங்க ஆச்சிக்கு ஒரு கிளினிக்ல எழுதிக் கொடுத்தது: 'ஷோல்டர் அப்டக்‌ஷன், 10 தடவை'. பக்கத்து வீட்டு அண்ணன் டிக்‌ஷனரி பாத்து 'கடத்தல்'னுட்டார். லத்தீன் வேர் ஒண்ணுதான், அண்ணனைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா ஒரு வாரம் சீட்டு சாமி படத்துக்குப் பின்னாடியே கிடந்துச்சு, தோள் இன்னும் இறுகிருச்சு. "பக்கவாட்டுல தூக்குங்க ஆச்சி"ன்னதும் உடனே செஞ்சாங்க.

யாழ்ப்பாணம் மானிப்பாய்ல தமிழ்லயே மருத்துவம் சொல்லிக்கொடுத்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிரீன், 1872-லயே 'மனுஷ அங்காதிபாதம்'னு உடற்கூறு நூல் கொண்டுவந்துட்டார். ஃபிஸியோ படிக்கிற தோழர்களே, சீட்டுல தமிழ்ல ஒரு வரி சேர்த்து எழுதுங்களேன்!